நமக்குப் பதிலாக ஒருவர்

வேதபாடம்: ஏசாயா 53, ரோமர் 3:21-26



நம்ம ஜனங்களில் சிலர் ஞானஸ்நானம் எடுத்து வருஷக்கணக்கான பிறகும், வீட்டில் வியாதியோ கடனோ வந்துவிட்டால், "என் பழைய பாவத்துக்குத்தான் ஆண்டவர் தண்டிக்கிறார்" என்று கலங்கிப்போகிறார்கள். அப்படியானால் சிலுவையில் நடந்தது என்ன? வேதத்தைத் திறந்து பார்ப்போம்.

1. கை வைத்த ஆடு

வியாழக்கிழமை அய்யலூர் சந்தையில் ஆடு வாங்குகிறவர் பல்லைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். பாவநிவாரண பலிக்கும் பழுதுள்ள ஆடு ஆகாது. பாவஞ்செய்தவன் அதின் தலைமேல் கை வைக்க வேண்டும் (லேவி. 4:28,29). பாவம் இவனுடையது, சாவு ஆட்டுக்கு!

2. ஆட்டின் இடத்தில் இயேசு

ஏசாயா 53-ல் அந்தப் பாரம் ஒரு மனுஷன்மேல் வருகிறது. அவர் காயப்பட்டது நம்முடைய மீறுதல்களுக்காக என்கிறார் தீர்க்கதரிசி. அவர் இயேசுவே என்று பிலிப்பு எத்தியோப்பிய மந்திரிக்கு விளக்கினான் (அப். 8:32-35). தம்முடைய ஜீவன் அநேகருக்கு மீட்கும்பொருள் என்று ஆண்டவரே சொன்னார் (மாற். 10:45). அங்கே கிரேக்கத்தில் உள்ள 'ஆன்டி' என்ற சொல்லுக்கு 'பதிலாக' என்று அர்த்தம்.

3. பலியைக் கொடுத்தது யார்?

"கோபக்காரப் பிதாவை இயேசு சமாதானப்படுத்தினாரா?" என்று சிலர் கேட்கிறார்கள். இல்லை! சந்தையில் ஆட்டுக்குக் காசு கொடுப்பது நாம். இங்கேயோ கிருபாதாரபலியை ஏற்படுத்தினவர் தேவனே (ரோமர் 3:25). குமாரனும் கட்டாயத்தால் அல்ல, தாமாகவே ஜீவனைக் கொடுத்தார் (யோவான் 10:18). தேவன் பாவத்தைக் கண்டும் காணாமல் விடவில்லை. அதின் கிரயத்தைத் தாமே ஏற்றுக்கொண்டார்.

4. தீர்ந்த கடன்

ஜாமீன் போட்டவர் கடனை முழுசாய்க் கட்டித் தீர்த்த பிறகு, கடன் கொடுத்தவர் உங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பாரா? கிறிஸ்துவுக்குள் இருக்கிறவனுக்கு ஆக்கினைத்தீர்ப்பு கிடையாது (ரோமர் 8:1). பிள்ளையைத் தகப்பன் சிட்சிப்பது உண்டு (எபி. 12:6). அது வேறு, குற்றவாளிக்குத் தண்டனை வேறு. எல்லா வியாதிக்கும் பின்னால் ஒரு பாவத்தைத் தேடாதீர்கள் (யோவான் 9:3). படுக்கையில் இருக்கிறவரிடம் போய், "என்ன பாவம் செஞ்சீங்க?" என்று கேட்கவும் வேண்டாம்.

அப்படியானால் இஷ்டம்போல் வாழலாமா? கூடாது. நாம் நீதிக்குப் பிழைக்கும்படிக்கே அவர் நம் பாவங்களைச் சுமந்தார் (1 பேதுரு 2:24).

இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் ஏசாயா 53-ஐ வாசியுங்கள். 'நம்முடைய' என்று வருகிற இடத்தில் உங்கள் பேரைச் சொல்லி வாசியுங்கள். கர்த்தர்தாமே உங்களைத் தேற்றுவாராக. ஆமென்.