கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும்

மேடையில் பாடுகிறவரைப் பாராட்டுகிறோம். பேசுகிறவருக்கு மாலை சூட்டுகிறோம். ஆனால் பந்தலின் ஓரத்தில் நின்றுகொண்டு அவர்களுடைய குரலை நம் செவியில் சேர்க்கும் மைக்செட்காரரைத் திரும்பிப் பார்க்கிறோமா? அவருடைய தொழில் வெறுமனே திருகுகளைத் திருப்பும் வேலை அன்று. முறையாகக் கற்றுத் தேற வேண்டிய கலை.

இதனை நாங்கள் உணர்ந்தது வெள்ளக்கடையில் ஒரு திருவிழா மாலையிலேதான். நாங்கள் பாடத் தொடங்கியதும், "ஒன்றும் கேட்கவில்லை" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. மைக்செட் அண்ணன் ஜெனரேட்டரைப் பார்க்கப் போயிருந்தார். எங்களுள் ஒருத்தி மைக்கை எடுத்துக்கொண்டு ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்து நின்றாள். மற்றொருத்தி ஒலியைக் கூட்டினாள். அவ்வளவுதான்! 'கீ' என்று ஓர் ஊளை கிளம்பிற்று. கைக்குழந்தைகள் வீரிட்டழுதன. பாட்டு பாதியில் நின்றது. வெட்கித் தலை குனிந்தோம்.

ஓடி வந்த அண்ணன் கோபிக்கவில்லை. "சத்தத்தைக் கூட்டாதே கண்ணு, மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டு போ" என்றார். அதுவே எங்களுக்கு முதற்பாடம்.

ஊளை ஏன் எழுகிறது? ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி மறுபடியும் மைக்கினுள் புகுந்து, பெருகி வெளிவந்து, திரும்பவும் புகுகிறது. ஆகவே மைக் எப்போதும் ஒலிபெருக்கிக்குப் பின்புறமே இருக்க வேண்டும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால், மைக்கை அடையும் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் உயரும். திருகைத் தொடவே தேவையில்லை!

இரண்டாவது பாடம் ஒலியின் வேகம். 20 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்லும். குளிரில் வேகம் சற்றுக் குறையும். நம் மலையில் எதிர்ச்சரிவை நோக்கிக் கூவினால், குரல் சற்றுப் பொறுத்துத் திரும்புவது இதனாலேயே. பெரிய மைதானத்தில் 34 மீட்டர் தள்ளி இன்னொரு ஒலிபெருக்கி வைத்தால், அங்கே மேடையின் ஒலி பத்தில் ஒரு விநாடி தாமதமாக வரும். ஒவ்வொரு சொல்லும் இருமுறை கேட்கும். ஆகையால் பின்னுள்ள ஒலிபெருக்கியையும் அதே அளவு தாமதித்து ஒலிக்கச் செய்கிறார்கள்.

மூன்றாவது பாடம் இடத்தை அறிதல். 1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரை மண்டபத்தில் பேச்சு விளங்கவில்லை. வாலஸ் சபைன் என்னும் பேராசிரியர் இருக்கை மெத்தைகளை அங்கே கொண்டுவந்து வைத்து, எதிரொலி அடங்கும் நேரத்தை அளந்தார். மெத்தையைப் போலவே மனிதரும் அவர்தம் ஆடையும் ஒலியை உறிஞ்சுகின்றன. வெறும் மண்டபத்தில் சரிபார்த்த ஒலி, கூட்டம் நிறைந்ததும் மாறிவிடுவது அதனால்தான்.

இத்தொழிலை எங்கே பயிலலாம்? பத்தாம் வகுப்புக்குப் பின் தொழிற்பயிற்சி நிலையங்களில் எலக்ட்ரானிக் மெக்கானிக் பயிற்சி இரண்டாண்டு உண்டு. சென்னைத் தரமணியில், 1945-இல் தொடங்கப்பெற்ற அரசுத் திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஒலிப்பதிவு ஒரு பாடப்பிரிவு. ஏ.ஆர். ரகுமான் 2008-இல் நிறுவிய கே.எம். இசைக் கல்லூரியிலும் இசைத் தொழில்நுட்பம் கற்பிக்கிறார்கள். ஆனால் ஏட்டுக் கல்வி மட்டும் போதாது. மேடை நிகழ்ச்சியில் தவறை அழித்து மறுபடி பதிவு செய்ய இயலாது. கேபிளை முறுக்கின்றிச் சுற்றுவதும், எந்த மைக் எந்த இணைப்பு என்று எழுதி ஒட்டுவதும், மழையில் நனைந்த தரையில் மின் இணைப்புக்கு எர்த் சரியாக உள்ளதா எனப் பார்ப்பதும் கூடவே இருந்து பழக வேண்டியவை.

செவியைக் காப்பதும் இவர்தம் கடமையே. இசை அரங்குகளில் 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டலாகாது என 2022-இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. சில விழா நாட்களுக்கு மட்டும் அரசு விலக்கு அளிக்கலாம்.

"இது ஆண்கள் வேலை அல்லவா?" என்று சிலர் கேட்கக்கூடும். அமெரிக்காவில் மேடை ஒலிப்பொறியாளர்களான கேரி கீஸ், மிஷெல் சபோல்சிக் பெட்டினாட்டோ என்னும் இரு பெண்மணிகள், இத்துறைக்கு வரும் பெண்களுக்குத் துணையாக 2013-இல் 'சவுண்ட்கேர்ள்ஸ்' என்னும் அமைப்பைத் தொடங்கினர். கூர்ந்த செவியும் பொறுமையும் ஆண்களுக்கு மட்டுமா சொந்தம்?

அடுத்த முறை நாங்கள் பாடியபோது, எங்களுள் ஒருத்தி பாடாமல் அண்ணனுடைய மேசையருகே நின்றாள். பாட்டு முடிந்ததும் கடைசி வரிசைப் பாட்டியிடம் ஓடிச் சென்று, "கேட்டுச்சா பாட்டி?" என்றாள். "ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு சாமி" என்றார் பாட்டி.

தோழியரே! பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ஒலியியல் பாடத்தை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்க வேண்டாம். முன்வரிசையில் இருப்போருக்கு எதுவும் கேட்கும். கடைசியில் அமர்ந்திருப்போருக்கும் கேட்கச் செய்வதே தொண்டு. அத்தொண்டுக்கு நம்மையும் இறைவன் தகுதியாக்குவாராக!