ஈரத்தடம் சொல்லாத சேதி

குளித்துவிட்டு வரும்போது சிமெண்ட் தரையில் பதியும் ஈரத்தடத்தைக் கவனித்திருப்பீர்கள். சிலருடைய தடம் உள்பக்கம் குடைந்து, குதிகாலையும் முன்பாதத்தையும் மெல்லிய பட்டை ஒன்று இணைத்தாற்போல் இருக்கும். சிலருடையது தோசைத் திருப்பி மாதிரி முழுசாக அப்பிக்கொண்டு நிற்கும். என்னுடையது இரண்டாவது ரகம். இடுப்பு வலிக்கிறது என்று வாய் திறந்தால் போதும், "உங்களுக்கு பிளாட் ஃபுட், அதான்" என்று தீர்ப்பு வந்துவிடும். செருப்புக் கடைக்காரர் சொல்வார், ஜிம் பயிற்சியாளர் சொல்வார், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரும் சொல்வார். முழுப் பொய்யாக இருந்தால் இந்தப் பத்தியை இரண்டு வரியில் முடித்திருப்பேன். கால்வாசி உண்மை இருப்பதுதான் தொல்லை.

நம்பிக்கை: பாதம் தட்டையாக இருந்தால் இடுப்பு வலி வந்தே தீரும்.

அந்தக் கால்வாசியை முதலில் சொல்லிவிடுகிறேன். எழுந்து நின்று இரண்டு பாதங்களையும் உள்பக்கமாகச் சரியவிட்டுப் பாருங்கள். முழங்கால் சில்லுகள் ஒன்றை ஒன்று பார்ப்பதுபோல் திரும்பும். குதிகால் எலும்புக்கும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் எலும்புக்கும் நடுவிலுள்ள மூட்டு சாய்வாக அமைந்திருப்பதால் வரும் விளைவு இது. குதிகால் உள்ளே சாய்ந்தால் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு உள்ளே சுழலும். தொடை எலும்பும் கூடவே போகும். இடுப்பெலும்பு கொஞ்சம் முன்னால் கவிழும். 2007இல் வெளியான ஓர் இஸ்ரேல் ஆய்வில் 10, 15, 20 டிகிரி சாய்ந்த கட்டைகள்மேல் ஆட்களை நிற்கவைத்து அளந்தார்கள். இடுப்பெலும்பு கவிழத்தான் செய்தது, ஆனால் சில டிகிரிதான். கீழே கிளம்பிய சாய்வில் பெரும்பங்கை வழியில் இருக்கும் மூட்டுகளே வாங்கிக்கொள்கின்றன.

இந்தச் சின்னக் கவிழ்வு வலியாக மாறுகிறதா? அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஊர், தலைமுறை தலைமுறையாக இதய நோயைக் கண்காணித்த ஆய்வுக்குப் பேர்போனது. அந்த ஊர்க்காரர்கள் 1,930 பேரின் பாதங்களை ஆராய்ந்த முடிவு 2013இல் வந்தது. நிற்கும்போது பாதம் தட்டையாக இருப்பதற்கும் இடுப்பு வலிக்கும் தொடர்பே தெரியவில்லை. அழுத்தத்தைப் பதிவுசெய்யும் பாய்மேல் நடக்கவிட்டபோதுதான் வேறொன்று தெரிந்தது. நடையில் பாதம் உள்பக்கம் அதிகம் சரியும் பெண்களிடம் இடுப்பு வலிக்கான வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்காக இருந்தது. ஆண்களிடம் அது இல்லை. பெண்களிடம் கண்டதும் தொடர்புதான், காரணம் என்று நிரூபணமாகவில்லை. இடுப்பு வலித்தாலும் நடை மாறும் அல்லவா? எப்படிப் பார்த்தாலும் ஈரத்தடம் நல்ல சாட்சி இல்லை. அது காட்டுவது பாதத்தின் அச்சு. ஏதாவது சேதி இருந்தால் அது நடையில் இருக்கிறது.

"ராணுவத்திலேயே பிளாட் ஃபுட்டை எடுக்க மாட்டார்களே?" என்று ஒருவர் என்னை மடக்கினார். பாதி சரி. ஆனால் நுனிக்காலில் எழுந்து நிற்கும்போது வளைவு திரும்ப வந்து, பாதம் வளைந்துகொடுத்து, வலியும் இல்லாமல் இருந்தால் தட்டைப் பாதக்காரர்களையும் தகுதியானவர்களாகவே நம் ராணுவ மருத்துவ விதி ஏற்கிறது. கனடாவில் 3,600க்கும் மேற்பட்ட படைவீரர்களின் பாதங்களைப் பரிசோதித்து ஹாரிஸ், பீத் என்ற இரு மருத்துவர்கள் 1947லேயே இதைச் சொன்னார்கள்: வளைந்துகொடுக்கும் தட்டைப் பாதம் பலருக்கும் உண்டு, அது ஊனம் அல்ல. வீட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நின்று பாருங்கள். எனக்கு வளைவு வருகிறது. அன்றிலிருந்து ஈரத்தடத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

நம்பிக்கை: குழந்தைக்குச் சின்ன வயதிலேயே ஷூ மாட்டினால் வளைவு நன்றாக வரும்.

பிறக்கும்போது எல்லாப் பாதமும் கொழுகொழுவென்று தட்டைதான். வளைவு தெரியவே சில ஆண்டுகள் பிடிக்கும். மணிப்பால் மருத்துவர்கள் ராவ், ஜோசப் இருவரும் 4 முதல் 13 வயது வரையிலான 2,300 பிள்ளைகளை ஆராய்ந்து 1992இல் எழுதினார்கள். ஷூ போட்டு வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் தட்டைப் பாதம். வெறுங்காலோடு திரிந்தவர்களில் 2.8 சதவீதம். (அவர்களும் பாத அச்சை வைத்துத்தான் கணக்கெடுத்தார்கள். வடிவத்தைக் கேட்டால் அச்சு பதில் சொல்லும், வலியைக் கேட்டால்தான் முழிக்கும்.) தட்டைப் பாதக் குழந்தைகள் 129 பேரைப் பிரித்து, சிலருக்குத் திருத்தக் காலணியும் இன்சோலும் கொடுத்து மூன்று ஆண்டுகள் பார்த்த அமெரிக்க ஆய்வு 1989இல் வந்தது. போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை.

நம்பிக்கை: ஒரு கால் குட்டை, அதனால்தான் வலி.

அளந்துபார்த்தால் பெரும்பாலானோருக்கு ஒரு கால் சில மில்லிமீட்டர் குட்டைதான். படுக்கவைத்துக் காலை இழுத்துக் காட்டும் வித்தையில் ஏமாற வேண்டாம். இடுப்பை லேசாகத் திருப்பினாலே அந்த அளவு மாறிவிடும். இரண்டு சென்டிமீட்டரை நெருங்கும் வித்தியாசம் என்றால் மட்டும் எலும்பு மருத்துவரிடம் பேசலாம்.

நம்பிக்கை: நல்ல இன்சோல் போட்டால் இடுப்பு வலி போய்விடும்.

பாதத்தை ஸ்கேன் செய்து திரையில் சிவப்பும் மஞ்சளுமாகக் காட்டும்போது யாருக்கும் வயிற்றைக் கலக்கும். எடை எங்கே விழுகிறது என்பதுதான் அந்த நிறம், வலி எங்கிருந்து வருகிறது என்பதல்ல. ஆறு பரிசோதனைகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு 2007இல் சொன்னது: இன்சோல் இடுப்பு வலியைத் தடுப்பதில்லை; வந்த வலியைத் தீர்க்கிறது என்று சொல்லவும் போதிய ஆதாரம் இல்லை. 2017இல் 225 பேரிடம் நடந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இன்சோல் போட்டவர்களுக்கு ஆறு வாரத்தில் வலி குறைந்தது. ஆனால் அவர்களை ஒப்பிட்டது சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களோடு. போலி இன்சோல் போட்டவர்களோடு அல்ல. பாதமே வலிக்கிறது, கூடவே இடுப்பும் வலிக்கிறது என்பவர்கள் சில வாரம் முயன்று பார்க்கலாம். பாதத்தில் ஒரு தொந்தரவும் இல்லாதவர் ஆயிரக்கணக்கில் செலவழிப்பதற்கு முன், தினமும் நடந்து, குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியும் இடுப்புத் தசைகளுக்கான பயிற்சியும் செய்து பார்ப்பது மேல். எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பையும் இதில் குழப்பிக்கொள்ள வேண்டாம். உணர்ச்சி குறைந்த பாதத்தைப் புண்ணிலிருந்து காக்கவே அது வந்தது; முதலில் தொழுநோயாளிகளுக்கு, பிறகு சர்க்கரை நோயாளிகளுக்கு.

பாதத்தைப் பார்த்தே ஆகவேண்டிய நேரமும் உண்டு. நாற்பதைத் தாண்டியபின் ஒரு பாதம் மட்டும் புதிதாகச் சரிந்து, கணுக்காலின் உள்பக்கம் வீங்கி வலித்தால், வளைவைத் தாங்கும் தசைநாண் பழுதாகியிருக்கலாம். மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

இன்னொரு வழக்கில் எல்லோரும் தலைகீழாகத் தீர்ப்பெழுதுகிறார்கள். கால் கட்டைவிரலைத் தூக்க முடியவில்லை, வாசற்படியில் நுனிக்கால் தட்டுகிறது, புறங்கால் மரத்துப்போகிறது என்றால், அடிமுதுகில் ஒரு நரம்பு நசுங்கியிருக்கலாம். அங்கே கோளாறு மேலே, அடையாளம் கீழே. இதற்கு ஆர்ச் சப்போர்ட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். கூடவே சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கட்டுப்பாடின்றிப் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும்.