ஏரியின் நீர்வரவுக் கணக்கும் பயிர்த் திட்டமும்

வரவறியாது செலவு செய்யும் குடும்பமும், நீர்வரவறியாது நாற்று விடும் ஆயக்கட்டும் ஒரே கதியை அடையும். கதிர் பிடிக்கும் தருணத்தில் மதகில் நீர் நின்றுவிடின், உழவும் உரமும் கூலியும் ஒருங்கே நஷ்டமாகும். ஆகையால் நடவுக்கு முன்பே ஏரியின் வரவைக் கணக்கிடும் முறையை ஈண்டு விளக்குவோம்.

காஞ்சிபுரம் ஜில்லாவில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,200 மி.மீ. மழை பெய்கிறது. இதில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கிடைப்பது. ஆயினும் சராசரியை நம்பிப் பயிரிடலாகாது. 2015 டிசம்பர் முதல் தேதியில் பெய்யத் தொடங்கிய மழை, தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 490 மி.மீ. பதிவாயிற்று. அடுத்த ஆண்டாகிய 2016-லோ, தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவிகிதம் குறைந்தது.

பெய்யும் மழை முழுவதும் ஏரிக்கு வருவதில்லை. முதலில் பெய்வதை மண்ணும் புல்லும் பள்ளங்களும் உட்கொள்ளும், எஞ்சியதே ஓடிவரும். இதனை மதிப்பிட அமெரிக்க மண் பாதுகாப்பு இலாகா 1950-களில் ஒரு முறையை வகுத்தது. அதில் தரையின் தன்மைக்கேற்ப 100 வரை எண் கொடுக்கப்படும்; எண் உயர உயர ஓட்டமும் மிகும். மேய்ச்சல் தரைக்கு 75 என்றும், கூரையும் தார்ச்சாலையும் மிகுந்த தரைக்கு 90 என்றும் கொண்டால், ஓடிவரும் நீர் வருமாறு:

ஒரே நாளில் 100 மி.மீ. மழை: மேய்ச்சல் தரையில் 41 மி.மீ.; கூரைத் தரையில் 73 மி.மீ.

ஒரு நாளில் 25 மி.மீ. மழை: மேய்ச்சல் தரையில் 1 மி.மீ.க்கும் குறைவு, கூரைத் தரையில் 8 மி.மீ.

மேய்ச்சல் தரையில் 100 மி.மீ. மழை, நிலம் காயும் இடைவெளியுடன் நான்கு நாட்களாகப் பிரிந்து பெய்தால் 3 மி.மீ. கூட ஏரிக்கு வாராது. ஆகவே மாதக் கூட்டுத்தொகை போதாது. அன்றாட மழையை எழுதி வைத்தலே முக்கியம்.

ஸ்ரீபெரும்புதூர் தாலுகாவின் வல்லம் வடகாலில் இவ்விஷயம் தனிக் கவனத்துக்குரியது. ‘கால்’ என்னும் சொல் வாய்க்காலையும் குறிப்பதாகும். இங்கே சிப்காட் தொழிற்பூங்கா அமைந்துள்ளது. கூரைகளும் சாலைகளும் பெருகிய தரையிலிருந்து நீர் மிகுதியாகவும் விரைவாகவும் ஓடும். எனினும் அது ஏரிக்கே வந்து சேரும் என்பதற்கு உறுதியில்லை. வரவுக்கால் திறந்திருந்தால்தான் வரும்.

இதைச் சோதிக்க ஓர் உதாரணம் கொள்வோம். நீர்ப்பிடிப்பு 600 ஏக்கர், ஏரிப் பரப்பு 60 ஏக்கர், தரை எண் 75 என்க. ஒரே நாளில் 100 மி.மீ. பெய்தால், 41 மி.மீ. வீதம் 600 ஏக்கரிலிருந்து வரும் நீர் ஏரியில் 410 மி.மீ. உயரும். ஏரியின்மீதே பெய்த 100 மி.மீ.யும் சேர 510 மி.மீ. உயர்தல் வேண்டும். அளவுகோலில் 300 மி.மீ. மட்டுமே உயர்ந்திருந்தால், நீர்ப்பிடிப்பின் வரவில் ஏறக்குறையப் பாதி வேறு வழி சென்றது என்று அறியலாம். உடனே வரவுக்காலை ஏரிவாய் முதல் மேட்டுநிலம் வரை நடந்து பார்த்து, தூர்ந்த இடத்தையும் அடைபட்ட குழாய்ப்பாலத்தையும் குறித்துக்கொள்க. கோடைக்குப்பின் முதல் மழையில் சாலைகளின் எண்ணெயும் தூசியும் கலந்து வருதலுண்டாதலால், அந்நீரின் நிறத்தையும் வாசனையையும் கவனிக்க.

இனிச் செலவுக் கணக்கு. நவரைப் பருவத்துக்கு முன், அதே ஏரியில் சராசரி 1,500 மி.மீ. ஆழம் நீர் நிற்பதாகக் கொள்வோம். 60 ஏக்கர் பரப்பில் அது 90,000 ஏக்கர்-மில்லிமீட்டர். ஆவியாதல், கசிவு, வாய்க்கால் சேதம் ஆகியவற்றுக்குப் பாதியைக் கழித்தால் எஞ்சுவது 45,000. நெல்லுக்கு 1,200 மி.மீ. வேண்டுமாதலால் 37 ஏக்கரே நடலாம். நிலக்கடலைக்கு 600 மி.மீ. எனக் கொண்டால் 75 ஏக்கர் விளையும். இந்நீரை நம்பி 70 ஏக்கரில் நெல் நட்டால், மழையோ கிணறோ உதவாவிடின், எவருக்கும் முழு விளைச்சல் கிட்டாது.

ஆகவே செய்யவேண்டுவன:

1. நாள்தோறும் காலை 8.30 மணிக்கு மழைமானியைப் பார்த்து எழுதுக. மானி இல்லாத ஊரில், பக்கங்கள் நேராகவுள்ள தகர டப்பாவைத் திறந்த வெளியில் வைத்து, நின்ற நீரை அளவுகோலால் அளக்கலாம்.

2. மதகருகே அளவுகோல் நாட்டி, நீர்மட்டத்தையும் அதே ஏட்டில் எழுதுக.

3. கிராம நிர்வாக அலுவலர், கிராம வரைபடத்தையும் அ பதிவேட்டையும் கொண்டு வரவுக்காலின் எல்லையைக் காட்டி உதவுக.

4. நவரை நாற்று விடுமுன் ஆயக்கட்டுதாரர் அனைவரும் கூடி, ஏட்டைப் படித்து, நெல்லுக்கு எத்தனை ஏக்கர், புன்செய்ப் பயிருக்கு எத்தனை ஏக்கர் என்று முடிவு செய்க. கடைமடையில் நிலமுள்ளவரும் அக்கூட்டத்தில் இருத்தல் அவசியம். நீர் குறைந்தால் முதலில் வாடுவது அவர் பயிரே.