எந்த டெக் நல்ல டெக்? – ஒரு கணக்குப் பாடம்

முன்னுரை



மதிய இடைவேளையில் 'யார் டெக் பெஸ்ட்?' என்று ஒரு சண்டை தினமும் நடக்கிறது. ஒருத்தர் 'ஹாக் டெக் தான் கெத்து' என்பார். இன்னொருத்தர் 'கோலெம் இறங்கினா அவ்ளோதான்' என்பார். ரெண்டு பேரும் கணக்குப் போட்டுப் பேசுவதில்லை. நாம் 9-ஆம் வகுப்பில் படிக்கும் கூட்டுச் சராசரி, நிகழ்தகவு ஆகிய இரண்டும் போதும், இந்தச் சண்டையைத் தீர்த்துவிடலாம். போன் தேவையில்லை. பென்சிலும் ரஃப் நோட்டும் இருந்தால் சரி.

விளையாட்டைப் பற்றி

கிளாஷ் ராயல் என்பது பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கியில் உள்ள சூப்பர்செல் நிறுவனம் 2016 மார்ச் மாதம் உலகம் முழுவதும் வெளியிட்ட கார்டு விளையாட்டு. பார்க்க சண்டை விளையாட்டு மாதிரி இருக்கும். உண்மையில் இது சீட்டு ஆட்டமும் சதுரங்கமும் கலந்த மாதிரி. ஆனால் பணம் வைத்து ஆடும் ரம்மி வேறு, இது வேறு. பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் சட்டமே இயற்றிவிட்டது.

2018-ல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் கிளாஷ் ராயலும், ஹார்த்ஸ்டோன் என்ற இன்னொரு கார்டு விளையாட்டும் காட்சிப் போட்டிகளாக இடம்பெற்றன. ஹார்த்ஸ்டோனில் குஜராத்தைச் சேர்ந்த தீர்த் மேத்தா வெண்கலம் வென்றார். கிளாஷ் ராயலில் இந்தியாவின் கரண் மங்கனானி நான்காம் இடம் பிடித்தார். காட்சிப் போட்டி என்பதால் பதக்கப் பட்டியலில் இது சேராது. இருந்தாலும் மூளை வேலை செய்தால்தான் அந்த இடத்துக்குப் போக முடியும்.

விதிகள் (தெரியாதவர்களுக்கு)

1. எட்டு கார்டு சேர்ந்தால் ஒரு டெக். கையில் நான்கு இருக்கும், வரிசையில் நான்கு காத்திருக்கும்.
2. ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு விலை உண்டு. அதை 'எலிக்சர்' என்பார்கள். அதிகபட்சம் 10 தான் சேர்த்து வைக்க முடியும்.
3. எலிக்சர் 2.8 வினாடிக்கு ஒன்று ஊறும். ஆட்டம் 3 நிமிடம். கடைசி 1 நிமிடத்தில் இரண்டு மடங்கு வேகத்தில், அதாவது 1.4 வினாடிக்கு ஒன்று ஊறும்.
4. எதிராளியின் கோபுரங்களை அதிகம் உடைப்பவர் வெற்றி பெற்றவர்.

மூன்றாவது விதியை நிறைய பேர் கவனிப்பதே இல்லை. முதல் 2 நிமிடம் என்றால் 120 வினாடி. 120-ஐ 2.8-ஆல் வகுத்தால் சுமார் 43. கடைசி 1 நிமிடம் 60 வினாடி. 60-ஐ 1.4-ஆல் வகுத்தாலும் சுமார் 43 தான்! முதல் இரண்டு நிமிடத்தில் கிடைப்பது அத்தனையும் கடைசி ஒரு நிமிடத்தில் மறுபடியும் கிடைக்கிறது. அதனால் முதல் இரண்டு நிமிடம் ஒரு ஆட்டம், கடைசி ஒரு நிமிடம் வேறொரு ஆட்டம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

கூட்டுச் சராசரி சொல்லும் கதை

மூன்று பிரபலமான டெக்குகளை எடுத்துக்கொள்வோம்.

வேகமான டெக்: ஹாக் ரைடர் 4, மஸ்கடியர் 4, ஃபயர்பால் 4, கேனன் 3, ஐஸ் கோலெம் 2, லாக் 2, ஐஸ் ஸ்பிரிட் 1, ஸ்கெலிட்டன்ஸ் 1. கூட்டினால் 21. எட்டால் வகுத்தால் 2.625. இதைத்தான் எல்லாரும் '2.6 ஹாக்' என்கிறார்கள். பெயரிலேயே கூட்டுச் சராசரி இருக்கிறது!

கனமான டெக்: கோலெம் 8, லைட்னிங் 6, நைட் விட்ச் 4, பேபி டிராகன் 4, லம்பர்ஜாக் 4, மெகா மினியன் 3, டொர்னாடோ 3, பார்பேரியன் பேரல் 2. மொத்தம் 34. சராசரி 4.25.

தூண்டில் டெக் (லாக் பெய்ட்): ராக்கெட் 6, இன்ஃபெர்னோ டவர் 5, கோப்ளின் பேரல் 3, பிரின்சஸ் 3, கோப்ளின் கேங் 3, நைட் 3, லாக் 2, ஐஸ் ஸ்பிரிட் 1. மொத்தம் 26. சராசரி 3.25.

சராசரி குறைவாக இருந்தால் நல்ல டெக் என்று அர்த்தமா? இல்லை. சராசரி சொல்வது வேகத்தை மட்டும்தான், பலத்தை அல்ல.

சுற்று எண்ணுவது எப்படி?

இதுதான் முக்கியமான பகுதி. ஒரு கார்டைப் போட்டால் அது வரிசையின் கடைசிக்குப் போகும். அதன் பிறகு வேறு நான்கு கார்டுகளைப் போட்டால்தான் மறுபடி கைக்கு வரும். இந்த 'நான்கு' என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹாக் டெக்கில் விலை குறைந்த நான்கு: 1 + 1 + 2 + 2 = 6. அதன் பிறகு ஹாக்குக்கு 4. ஆக ஒரு ஹாக்கிலிருந்து அடுத்த ஹாக் வரை குறைந்தது 10 எலிக்சர். 10 × 2.8 = 28 வினாடி.

கோலெம் டெக்கில் விலை குறைந்த நான்கு: 2 + 3 + 3 + 4 = 12. அதன் பிறகு கோலெமுக்கு 8. ஆக 20 எலிக்சர். 20 × 2.8 = 56 வினாடி.

சரியாக இரண்டு மடங்கு. கோலெம் ஒரு முறை வரும் நேரத்தில் ஹாக் இரண்டு முறை வரலாம். ஆனால் கோலெம் ஒரு முறை நன்றாக வந்து சேர்ந்தால் கோபுரமே போய்விடும். பனைமரத்தில் ஏறுகிறவனும் முருங்கைக்காய் பறிக்கிறவனும் ஒரே வேகத்தில் வேலை செய்ய முடியாது. ரெண்டு பேர் கையிலும் காய் வந்து சேரும், அவ்ளோதான்.

யாருக்கு எதிராக என்ன செய்ய வேண்டும்?

கோலெமுக்கு எதிராக ஹாக்: எதிராளி கோலெமைத் தன் கோபுரத்துக்குப் பின்னால் வைத்துவிட்டார் என்றால் அவரிடம் மீதி 10 – 8 = 2 எலிக்சர் தான். கோலெம் ஆமை மாதிரி நடந்து வரும். அப்போது பயந்துபோய் எல்லாக் கார்டையும் கோலெம் மேல் கொட்டக்கூடாது. மறுபக்க வழியில் உடனே ஹாக்கை அனுப்ப வேண்டும். 2 எலிக்சரை வைத்துக்கொண்டு அவரால் பெரிதாகத் தடுக்க முடியாது.

ஹாக்குக்கு எதிராக கோலெம்: மேலே சொன்ன கணக்கை அப்படியே திருப்பிப் படியுங்கள். முதல் 2 நிமிடத்தில் அவசரப்பட்டுக் கோலெமை இறக்காமல் தடுத்து ஆடுங்கள். எலிக்சர் இரண்டு மடங்கு ஊறும் கடைசி நிமிடத்தில் 56 வினாடி 28 வினாடியாகக் குறைந்துவிடும். அதுதான் உங்கள் நேரம்.

கோலெமுக்கு எதிராக இன்ஃபெர்னோ டவர்: இதன் நெருப்புக் கதிர் ஒரே ஆளின் மேல் பட்டுக்கொண்டே இருந்தால் சூடு கூடிக்கொண்டே போகும். 8 எலிக்சர் கோலெமை 5 எலிக்சர் டவர் கரைத்துவிடும். 3 லாபம். ஆனால் லைட்னிங் விழுந்தால் கதிர் மறுபடியும் ஆரம்பத்திலிருந்து தொடங்கும். கோலெம் டெக்கில் 6 எலிக்சர் கொடுத்து லைட்னிங் வைத்திருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். டெக்கில் ஒவ்வொரு கார்டும் ஒரு கேள்விக்குப் பதில். காரணம் சொல்ல முடியாத கார்டு டெக்கில் இருக்கக்கூடாது.

தூண்டில் டெக்: கோப்ளின் பேரல், பிரின்சஸ், கோப்ளின் கேங் மூன்றுக்கும் எதிராளியிடம் உள்ள நல்ல பதில் பெரும்பாலும் லாக் ஒன்றுதான். ஒரு பதில், மூன்று கேள்வி. பிரின்சஸ் மேல் லாக்கை உருட்டிவிட்டாரா? இப்போது எண்ணத் தொடங்குங்கள். அவர் இன்னும் நான்கு கார்டு போடும் வரை லாக் திரும்பி வராது. அதற்குள் பேரலை எறிந்துவிட வேண்டும். எதிராளியாக இருந்தால் பதில் நேர்மாறானது: பிரின்சஸ் கொஞ்சம் அடித்தாலும் பொறுத்துக்கொண்டு லாக்கைப் பேரலுக்காக வைத்திருக்க வேண்டும்.

சின்னச் சின்ன லாப நஷ்டமும் இதே கணக்குதான். 5 எலிக்சர் மினியன் ஹோர்டை 3 எலிக்சர் ஆரோஸ் அழித்தால் 2 லாபம். 5 எலிக்சர் பிரின்ஸை 3 எலிக்சர் ஸ்கெலிட்டன் ஆர்மி சூழ்ந்து வீழ்த்தினால் 2 லாபம். அதே ஸ்கெலிட்டன் ஆர்மியை 2 எலிக்சர் லாக் துடைத்துவிட்டால் 1 நஷ்டம். கடைக்காரர் கல்லாவைப் பார்ப்பது போல ஒவ்வொரு கார்டுக்கும் வரவு செலவு பார்க்க வேண்டும்.

அப்படியென்றால் எந்த டெக்கை எடுப்பது?

இப்போது நிகழ்தகவுக்கு வருவோம். கீழே உள்ள எண்கள் நான் உதாரணத்துக்காக வைத்துக்கொண்டவை.

எதிரே ஆடப்போகிறவர்கள் 10 பேர். கோலெம் 5 பேர், தூண்டில் 3 பேர், ஹாக் 2 பேர். உங்களிடம் 'அ', 'ஆ' என்று இரண்டு டெக்.

'அ' வெல்லும் நிகழ்தகவு: கோலெமுக்கு எதிராக 0.7, தூண்டிலுக்கு எதிராக 0.3, ஹாக்குக்கு எதிராக 0.5.
'ஆ' வெல்லும் நிகழ்தகவு: அதே வரிசையில் 0.4, 0.7, 0.6.

'அ' எடுத்தால்: (5 × 0.7) + (3 × 0.3) + (2 × 0.5) = 3.5 + 0.9 + 1.0 = 5.4
'ஆ' எடுத்தால்: (5 × 0.4) + (3 × 0.7) + (2 × 0.6) = 2.0 + 2.1 + 1.2 = 5.3

கிட்டத்தட்ட சமம். 'அ' ஒரு மயிரிழை முன்னால். சரி, இதைக் கேள்விப்பட்டு அடுத்த வாரம் மூன்று பேர் கோலெமை விட்டுத் தூண்டிலுக்கு மாறிவிட்டார்கள். இப்போது கோலெம் 2, தூண்டில் 6, ஹாக் 2.

'அ': 1.4 + 1.8 + 1.0 = 4.2
'ஆ': 0.8 + 4.2 + 1.2 = 6.2

பார்த்தீர்களா? ஆடுபவர் அதே ஆள், டெக் அதே டெக். ஆனால் 5.4 இருந்த இடத்தில் 4.2 ஆகிவிட்டது. எதிரே இருப்பவர்கள் மாறினார்கள், அவ்வளவுதான். ஆகவே 'எந்த டெக் பெஸ்ட்?' என்ற கேள்வியே அரைகுறைக் கேள்வி. 'யாருக்கு எதிராக?' என்று சேர்த்துக் கேட்டால்தான் முழுக் கேள்வி. அதனால்தான் ஹார்த்ஸ்டோன் போட்டிகள் பலவற்றில் ஒரு வீரர் பல டெக் கொண்டுவர வேண்டும், எதிராளி அதில் ஒன்றைத் தடை செய்யலாம் என்று விதி வைத்தார்கள். எந்த டெக்கைத் தடை செய்வது என்பதிலேயே பாதி ஆட்டம் முடிந்துவிடும்.

தொடர்ந்து மூன்று முறை தோற்றால்?

இதைக் கட்டாயம் படியுங்கள். மூன்று ஆட்டம் வரிசையாகத் தோற்றவுடன் நிறைய பேர் 'என் டெக் வேஸ்ட்' என்று முடிவு கட்டி, புது கார்டுக்கும் லெவல் ஏற்றவும் அப்பா அம்மா போனிலிருந்து பணம் கட்டலாமா என்று யோசிக்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். 10-க்கு 5.4 வெல்லும் நல்ல டெக் தோற்பதற்கான நிகழ்தகவு 0.46. மூன்று முறை தொடர்ந்து தோற்க: 0.46 × 0.46 × 0.46 = சுமார் 0.097. அதாவது குறிப்பிட்ட மூன்று ஆட்டத்தை எடுத்தால், அவை மூன்றும் தோல்வியாக இருக்கப் பத்தில் ஒரு வாய்ப்பு. நல்ல டெக்குக்கே இப்படி! அது டெக்கின் குற்றமும் இல்லை, விதியும் இல்லை. அதற்குப் போய் ஒரு நாள் கூலியைச் செலவழிப்பது நியாயமா?

லெவல் முக்கியமே இல்லை என்று நான் சொல்லவில்லை. கார்டு லெவல் கூடினால் அடியும் உயிரும் கூடும். ஒரே அடியில் சாக வேண்டியது தப்பிவிடும். ஆனால் லெவலைக் காசு கொடுத்து வாங்கலாம். நான்கு வரை எண்ணும் பழக்கத்தை வாங்க முடியாது. எல்லாருக்கும் ஒரே லெவல் என்று வைக்கும் போட்டிகளும் இருக்கின்றன. அங்கே எண்ணத் தெரிந்தவர்தான் ஜெயிப்பார்.

ஆகவே தோற்றவுடன் டெக்கை மாற்றாதீர்கள். நோட்டில் மூன்று பத்தி போடுங்கள்: எதிராளியின் டெக், வெற்றியா தோல்வியா, காரணம். 20 ஆட்டம் எழுதிய பிறகு படித்துப் பாருங்கள். 20 கூட குறைவுதான், ஆனால் மூன்றை விட எவ்வளவோ மேல். எல்லாத் தோல்வியும் ஒரே வகை டெக்கிடம் என்றால் ஒரு கார்டை மட்டும் மாற்றுங்கள். எட்டையும் மாற்றினால் எது குணப்படுத்தியது என்றே தெரியாது.

முடிவுரை

சராசரி வேகத்தைச் சொல்லும். நான்கு வரை எண்ணுவது நேரத்தைச் சொல்லும். நிகழ்தகவு எதை எடுப்பது என்று சொல்லும். 'இது பையன்கள் விளையாட்டு, உனக்கென்ன தெரியும்?' என்று கேட்பவர்களுக்கும் இதே கணக்குதான் பதில். ஆட்டம் 3 நிமிடம்தான், ஆனால் 'இன்னும் ஒண்ணே ஒண்ணு' என்று இருபது ஆடினால் 60 நிமிடம் போய்விடும். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்களே போட்டுப் பாருங்கள் (விடை அடுத்த இதழில்)

1. எக்ஸ்-போ 6, டெஸ்லா 4, ஃபயர்பால் 4, ஆர்ச்சர்ஸ் 3, நைட் 3, லாக் 2, ஐஸ் ஸ்பிரிட் 1, ஸ்கெலிட்டன்ஸ் 1. கூட்டுச் சராசரி என்ன?
2. தூண்டில் டெக்கில் ஒரு கோப்ளின் பேரலிலிருந்து அடுத்த பேரல் வரை குறைந்தது எத்தனை வினாடி?
3. எதிரே கோலெம் 3, தூண்டில் 3, ஹாக் 4 பேர். 'அ' எடுப்பீர்களா, 'ஆ' எடுப்பீர்களா? காரணம் கூறுக.

– 9-ஆம் வகுப்பு மாணவி