டிஸ்கார்டில் டோர்னமென்ட்: பாட் எழுதும் முன் இதைப் படிங்க

வாட்ஸ்அப் குரூப்ல வேலரன்ட் டோர்னமென்ட் நடத்திப் பார்த்திருக்கீங்களா? "ப்ரோ, எங்க மேட்ச் எப்போ?"ன்னு வர்ற ஒரே கேள்விக்குப் பதில் போட்டே விரல் தேஞ்சிடும். அதனால போன செமஸ்டர்ல நாங்க டிஸ்கார்டுக்கு மாறினோம். பாட்டை நான்தான் பைத்தான்ல எழுதி, பம்மல்ல எங்க வீட்டு லேப்டாப்லயே ஓட விட்டேன். அந்த வினைக்கு அப்புறம் வர்றேன்.

முதல்ல கணக்கு. நாக்-அவுட்ல ஒவ்வொரு மேட்சும் ஒரு டீமை வெளியே அனுப்பும். அதனால 13 டீம்னா 12 மேட்ச், அவ்வளவுதான். ஆனா பிராக்கெட் 4, 8, 16னு இருந்தாத்தான் ஒழுங்கா மடியும். 13க்கு அடுத்தது 16, ஆக 3 டீமுக்கு 'பை'. அவங்க ஆடாமலே இரண்டாவது ரவுண்டுக்குப் போவாங்க. யாருக்கு பைங்கறதை பாட் குலுக்கிப் போடட்டும். நீங்க போட்டா, "உங்க டிபார்ட்மென்ட்டுக்கு மட்டும் எப்படி?"ன்னு சண்டை வரும்.

டீம் பதிவுக்கு ஸ்லாஷ் கமாண்ட் போதும். டிஸ்கார்ட் 3 விநாடிக்குள்ள பதில் எதிர்பார்க்கும். டேட்டாபேஸ் மெதுவா இருந்தா முதல்ல 'டிஃபர்' பண்ணிடுங்க, 15 நிமிஷம் அவகாசம் கிடைக்கும். கடைசி இடத்துக்கு ரெண்டு கேப்டன் ஒரே நேரத்துல வந்தா? இடம் இருக்கான்னு பார்க்கறதும் பேரை எழுதறதும் ஒரே டிரான்ஸாக்‌ஷன்ல நடக்கணும். இல்லன்னா 16 இடத்துல 17 டீம் நிக்கும். பாட் டோக்கனை கிட்ஹப்ல ஏத்திடாதீங்க, ப்ளீஸ்.

என்ட்ரி ஃபீஸ் வசூலிச்சு அதையே பரிசாக் குடுக்கலாம்னு யாராவது சொல்வாங்க. வேண்டாம். 2025 ஆகஸ்ட்ல வந்த மத்திய அரசோட ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கிற விளையாட்டுகளைத் தடை பண்ணுது. இ-ஸ்போர்ட்ஸை அது தனியா அங்கீகரிக்குதுதான், ஆனா காலேஜ் டோர்னமென்ட்டுக்கு அந்த ரிஸ்க் எதுக்கு? நாங்க ஃப்ரீயா நடத்தி கோப்பை மட்டும் குடுத்தோம்.

இப்போ அந்த வினை. செக்-இன் பட்டனை 15 நிமிஷத்துக்குள்ள அழுத்தலன்னா டீம் அவுட். இதுதான் என் கோடு. காலிறுதி அன்னிக்கு எங்க தெருவுல கரண்ட் போச்சு. லேப்டாப் பேட்டரியில ஓடுச்சு, ஆனா மோடம் செத்துப்போச்சு. பட்டனை அழுத்தினவங்களுக்கு எர்ரர்தான் வந்துச்சு. ஆனா என் டைமர் ஜோரா ஓடிட்டே இருந்துச்சு! நெட் திரும்பி வந்ததும் பாட் செஞ்ச முதல் வேலை, ஒரு ஃபர்ஸ்ட் இயர் டீமை வெளியே தள்ளினது. அவங்க நேரத்துக்கு அழுத்தின ஸ்கிரீன்ஷாட் வச்சிருந்தாங்க. மறு ஆட்டம் பத்தி நம்ம ரூல்ஸ்ல ஒரு வரிகூட இல்ல. எதிர் டீம் கேப்டன் ஒத்துக்கல. அவரையும் குத்தம் சொல்ல முடியாது.

அன்னிக்கு ராத்திரியே கோடை மாத்தினேன். கெடு நேரம் இப்போ டேட்டாபேஸ்ல இருக்கு. பாட் கனெக்‌ஷன் அறுந்திருந்த நேரத்தை அதோட கூட்டிக்கும். யாரையும் பாட் தானா வெளியேத்தாது, அட்மினைக் கேட்கும். பட்டன்களும் ரீஸ்டார்ட் ஆனா சாகாத மாதிரி, டைம்-அவுட் இல்லாம, நிலையான ஐடியோட இருக்கு. லேப்டாப்புக்குப் பதில் ஒரு கிளவுட் சர்வர். ரூல்ஸ்ல மறு ஆட்டத்துக்கு ஒரு பத்தி.

மறுநாள் கேன்டீன்ல அந்தக் கேப்டன்கிட்ட ஸாரி கேட்டேன். "பரவால்லண்ணா, அடுத்த தடவை பட்டன் வேலை செய்யுமா?"ன்னு கேட்டான்.