நற்பயன் கருதித் தீச்செயல் புரியலாமோ?

முடிவு நல்லதாயின் அதனை அடையும் வழி எத்தகையதாயினும் குற்றமில்லை என்போர் எக்காலத்தும் உளர். பசித்த பிள்ளைக்காகத் திருடினால் அது பாவமோ? குடும்பத்தைக் காக்கப் பொய் சொன்னால் அது சீலத்துக்கு மாறோ? பஞ்சசீலத்தை ஏற்றுக்கொண்ட நாம் இவ்வினாக்களைத் தட்டிக்கழித்தல் ஆகாது.

மஜ்ஜிம நிகாயத்தின் 97ஆம் சூத்திரம் இப்பொருளையே விளக்குகிறது. இராஜகிருக நகரில் தானஞ்சானி என்னும் பிராமணன் வாழ்ந்தான். அரசனைக் காரணங்காட்டிக் குடிகளைக் கொள்ளையிட்டான். குடிகளைக் காரணங்காட்டி அரசனைக் கொள்ளையிட்டான். இதனைக் கேள்வியுற்ற சாரிபுத்த தேரர் அவனை நேரிற் கண்டு வினவினார். அவனோ, தாய் தந்தையர், மனைவி மக்கள், பணியாளர், நண்பர், சுற்றத்தார், விருந்தினர், அரசன் என்று பத்து வகைக் கடமைகளை எண்ணிக் காட்டி, இத்தனை பாரம் சுமப்பவனுக்கு அறத்தில் விழிப்பாயிருக்க இயலுமோ என்றான்.

தேரர் அக்கடமைகளுள் ஒன்றையேனும் பழித்தாரல்லர். பெற்றோருக்காகத் தீமை செய்தவன் நரகத்தின் வாயிலில் நின்று, பெற்றோர்பொருட்டே செய்தேன் என்று முறையிட்டால், நரக காவலர் அவனை விட்டுவிடுவரோ என்று மட்டும் கேட்டார். விடார் எனப் பிராமணனே ஒப்புக்கொண்டான். பெற்றோரைக் காப்பதற்கு அறத்தொடு பொருந்திய வேறு தொழில்கள் உள்ளன என்று தேரர் அவனுக்கு எடுத்துரைத்தார்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். சேதனையே, அதாவது எண்ணமே, கருமம் எனப் பகவான் அருளினாரன்றோ? எண்ணம் நல்லதாயிருக்கச் செயல் எவ்வாறு தீயதாகும்? கூர்ந்து நோக்குங்கள். பிள்ளையைக் காக்க வேண்டும் என்பது ஓர் எண்ணம். எதிரிலிருப்பவனை ஏமாற்ற வேண்டும் என்பது மற்றோர் எண்ணம். பொய்யில் இரண்டும் உடனிருக்கின்றன. முன்னையது பின்னையதைத் துடைத்துவிடாது.

பௌத்தம் பயனைப் புறக்கணிப்பதும் அன்று. செயலுக்கு முன்னும், செய்யும்போதும், செய்த பின்னும், இது எனக்கோ பிறர்க்கோ இருவர்க்குமோ தீங்காகுமோ என்று கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல் ஆராயுமாறு பகவான் இராகுலருக்கு உபதேசித்தார். நாம் விரும்பும் ஒரு பயனை மட்டும் எண்ணாமல் எல்லாப் பயனையும் எண்ணுக என்பதே அதன் கருத்து.

நம் சமூக வரலாற்றிலேயே இதற்கு உதாரணம் உண்டு. 1956 அக்டோபர் 14 அன்று டாக்டர் அம்பேத்கர் நாகபுரியில் தம்மத்தைத் தழுவினார். இலட்சக்கணக்கானோர் அவரைப் பின்பற்றினர். 1951இல் ஏறத்தாழ 1,80,000 ஆக இருந்த இந்திய பௌத்தர் தொகை 1961இல் 32 இலட்சத்தைக் கடந்தது. ஆயினும் 1950ஆம் ஆண்டின் ஷெட்யூல்டு வகுப்பினர் ஆணை பௌத்தரை ஏற்கவில்லை. பௌத்தர் என்று எழுதினால் பிள்ளையின் சலுகை போயிற்று. பழைய மதத்தை எழுதினால் நான்காம் சீலம் போயிற்று. 1990இல் சட்டம் திருத்தப்படும்வரை இந்நிலை நீடித்தது.

அந்நாளில் பழைய மதத்தை எழுதிய பெற்றோரை எள்ளி நகையாடுதல் கருணையாகாது. அநீதி அவ்வாணையிலேயே இருந்தது. எனினும் பொய் மெய்யாகிவிடவில்லை. அதன் பயன்களை முழுதும் எண்ணிப் பார்ப்போம். பிள்ளைக்கு இடம் கிடைத்தது. ஆனால் தன் தம்மம் மறைக்கத்தக்கது என்பதையும் அப்பிள்ளை கற்றது. ஏட்டில் இல்லாத சமூகம் உரிமை கேட்கும்போது அதன் குரலும் மெலிகிறது. சாரிபுத்தர் கூறிய அறவழி இங்கும் இருந்தது: பௌத்தர் என்றே வெளிப்பட நின்று விதியை மாற்றப் போராடுதல். அது கடினமான வழி. உடனே பலன் தராத வழி. அவ்வழி நின்றவர்களின் கோரிக்கையே இறுதியில் சட்டமாயிற்று.

இன்று அந்நிர்ப்பந்தம் இல்லை. ஆயினும் வாடகை வீட்டுக்காகவும் அண்டை அயலாரின் மதிப்புக்காகவும் தம்மத்தை மறுத்துரைக்கும் பழக்கம் நம்மிடையே முற்றும் நீங்கியதோ? வரும் உபோசத நாளில் ஒவ்வொருவரும் தாம் அண்மையில் நல்லது கருதிச் சொன்ன பொய் ஒன்றை எடுத்துக்கொண்டு, இராகுலரின் கண்ணாடியில் வைத்து நோக்குக. அதே நன்மையை அடைய அறத்தொடு பொருந்திய வேறு வழி யாது என்று தேடுக. வழி புலப்பட்டால் மறுநாளே அதில் அடியெடுத்து வைத்தல் நம் கடனாகும்.