எடை அட்டையில் ஒரு புள்ளி

கள்ளக்குறிச்சி டவுனோ கல்வராயன் மலையோ, அங்கன்வாடியில் பிள்ளைக்கு எடை போட்டதும் வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பாங்க. அதை நாமும் கற்போம்.

1. அடிக்கோட்டில் வயது, மாதக் கணக்கில். இடப்பக்கம் மேலே ஏறும் கோட்டில் எடை, கிலோவில்.

2. முதலில் வயது வரை வலப்பக்கம் போகணும். பிறகு எடை வரை நேரே மேலே ஏறணும். அங்கே புள்ளி.

3. இதை (வயது, எடை) என எழுதுவோம். இதுவே வரிசைச் சோடி.

வரிசை மாறலாமா? ஆண் பிள்ளைக்கான நீல அட்டையில் பாருங்க. (6, 7) என்றால் 6 மாதம், 7 கிலோ: பச்சையில் விழும். (7, 6) என்றால் 7 மாதம், 6 கிலோ: மஞ்சளில் விழும், எடை குறைவு. மாற்றி வைத்தால் மெலிந்த பிள்ளையும் நல்லா இருப்பதாகத் தெரியும்!

மாதாமாதம் புள்ளிகளைச் சேருங்க. கோடு ஏறாமல் படுத்தால் உடனே கிராம செவிலியரைப் பாருங்க. அடுத்த குழுக் கூட்டத்துக்கு அட்டையோடு வாங்க!